வீட்டு ஹாலில் ஒரு டன் கணிப்பொறி



கணிப்பொறியின் தந்தை யார் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூட சார்லஸ் பாபேஜ் என்று பட்டென்று சொல்லிவிடுவான். நானும் அப்படிச் சொல்லி ஒரு மார்க் வாங்கியவன்தான். ஆனால் பாபேஜ் கனவு கண்ட பெரிய இயந்திரம் அவர் காலத்தில் முழுசாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. அவர் பெயரையே கேள்விப்படாத ஒரு இளைஞர், அவர் இறந்து அறுபத்தைந்து வருஷம் கழித்து, அப்பா அம்மா குடியிருந்த வீட்டு ஹாலில் தகரத்தை வெட்டிப் போட்டுக் கணிப்பொறி செய்ய உட்கார்ந்தார். செய்தும் முடித்தார். அவர் பெயர் கொன்ராட் சூசே. ஜெர்மனிக்காரர். சிவில் இன்ஜினியர்!

சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். நாங்கள் கம்ப்யூட்டர்காரர்கள் கொஞ்சம் பொறாமைப்பட்டுக் கொள்கிறோம்.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நம்ம வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலேயே சர்வர் லேப் போட ஆசைப்படுகிறோம். லேபில் நமக்குக் கிடைக்கும் நேரம் வாரத்தில் சில மணிதான். அதிலும் இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். ஒரே பெட்டியில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளை ஏற்றி, அதன்மேல் நாலைந்து விர்ச்சுவல் சர்வர்களை ஓட்டினால் வீட்டிலேயே முழு நெட்வொர்க்கைக் கட்டிப் பழகலாம். ஆனால் எந்தப் பெட்டி வாங்குவது, எதற்குச் செலவு செய்வது, எதில் மிச்சம் பிடிப்பது? என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சூசேயின் கதையைத்தான் சொல்கிறேன். கையில் காசில்லாதவன் ஹார்டுவேர் வாங்குவது எப்படி என்பதை அவரைவிட நன்றாகச் செய்து காட்டியவரை நான் படித்ததில்லை.

1910 ஜூன் 22-ல் பெர்லினில் பிறந்தவர் சூசே. அப்பா தபால் துறையில் உத்தியோகம். வசதியான குடும்பமெல்லாம் இல்லை. பெர்லின் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தார், பிடிக்கவில்லை. ஆர்க்கிடெக்சர் போனார், அதுவும் ஒட்டவில்லை. கொஞ்ச நாள் விளம்பரப் படம் வரைந்தார். கடைசியில் சிவில் எடுத்து 1935-ல் பட்டம் வாங்கினார். மூன்று பிராஞ்ச் மாறின ஆள்!

சிவிலில் அவரைப் படுத்தி எடுத்தது கணக்கு. ஒரு பாலத்துக்கோ கூரைக்கோ எங்கே எவ்வளவு விசை விழுகிறது என்று பார்க்க, ஒரே மாதிரிப் பெருக்கல், கூட்டலை நூற்றுக்கணக்கில் கையால் போட வேண்டும். இதற்காக அவர் கட்டம் கட்டமாக ஒரு ஃபாரம் அச்சிட்டு வைத்துக்கொள்ள நினைத்தார். இந்தக் கட்டத்து எண்ணை அந்தக் கட்டத்து எண்ணோடு பெருக்கி மூன்றாவது கட்டத்தில் எழுது என்று ஃபாரமே சொல்லும். அப்புறம் யோசித்தால், அந்த வேலைக்கு மனுஷன் எதற்கு? எண்களை வைக்க ஒரு இடம், கணக்குப் போட ஒரு இடம், எதற்குப் பின் எது என்று சொல்ல ஒரு நாடா. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். நாம் இன்றைக்கு மெமரி, பிராசஸர், புரோகிராம் என்று படிக்கிற அதே பிரிவினைதான்.

ஹென்ஷல் என்ற விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கணக்கு, இறக்கையின் வலிமைக்காக. 1936-ல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருப்பதிலேயே பெரிய அறையில் கணிப்பொறி கட்டப்போகிறேன் என்றார். நம் வீட்டில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அவருடைய அப்பா அம்மா அறையைக் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள். தங்கை லீசலோட்டும் கொடுத்தாள். கல்லூரி நண்பர்களில் சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் உழைப்பைக் கொடுத்தார்கள். கணக்கு இயந்திரங்கள் தயாரித்து வந்த குர்ட் பான்கே என்ற முதலாளி, இந்தத் துறையில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று நினைத்தவர், நேரில் பார்த்ததும் மனசு மாறி அவரும் பணம் போட்டார்.

இப்போது கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஸ்விட்ச் என்றால் டெலிபோன் ரிலே. சூசே தன் மெமரிக்குத் தீர்மானித்த அளவு 64 எண்கள், எண்ணுக்கு 22 பிட். பெருக்கினால் 1408 பிட். பிட்டுக்கு ஒரு ரிலே என்றால் மெமரிக்கு மட்டும் 1408 ரிலே! அத்தனையும் விலை கொடுத்து வாங்க வழியில்லை. அதனால் ரிலேயை ஒதுக்கி வைத்துவிட்டு, மெல்லிய இரும்புத் தகட்டில் காடி வெட்டி, அதில் ஒரு ஊசியை நிறுத்தினார். ஊசி இந்தப் பக்கம் இருந்தால் பூஜ்யம், அந்தப் பக்கம் இருந்தால் ஒன்று. இரண்டே நிலை போதும் என்பதால்தான் தகடே போதுமானதாக ஆயிற்று. பத்து நிலை உள்ள பல்சக்கரங்களைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கப் பெரிய பட்டறை வேண்டும். காடி வெட்ட ஒரு இழைப்பு ரம்பமும் பொறுமையும் இருந்தால் போதும். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளினார்கள். ஓட்டுவதற்கு வேக்குவம் கிளீனர் மோட்டார். புரோகிராம் நாடாவுக்குக் காகிதம்கூட வாங்கவில்லை. சினிமாக்காரர்கள் வேண்டாம் என்று கழித்த 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். கெட்டியானது, கிழியாது, விலையும் இல்லை.

இசட்-1 என்று இன்று அழைக்கப்படும் அந்த இயந்திரம் 1938-ல் முடிந்தது. 20,000-க்கும் மேற்பட்ட பாகங்கள், ஏறக்குறைய ஒரு டன் எடை, வேகம் விநாடிக்கு ஒரு துடிப்பு. தசமப் புள்ளி நகரும் எண்களை, நாம் ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்று படிக்கிறோமே அதை, இரும எண்ணில் போட்டுப் பார்த்த இயந்திரம். இத்தனை பெருமையும் இருக்க, கணக்குப் போடும் பகுதி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஒரு தகடு இறுகினால் எல்லாம் நின்றுவிடும். மெமரி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். முழு மெஷினையும் தூக்கிப் போடவில்லை. ஒழுங்காக ஓடிய தகட்டு மெமரியை அப்படியே வைத்துக்கொண்டார். தகராறு பண்ணிய கணக்குப் பகுதிக்கு மட்டும் பழைய டெலிபோன் ரிலேக்களை, செகண்ட் ஹேண்டில், வாங்கி மாட்டினார். அதுதான் இசட்-2. காசு எங்கே அவசியமோ அங்கே மட்டும் போயிற்று.

இதை நம்ம சர்வர் லேபுக்குப் பொருத்திப் பாருங்கள். கடையில் நிற்கும்போது கண் முதலில் பிராசஸர் பெயருக்குத்தான் போகும். ஆனால் பழகுவதற்காக நாம் ஓட்டும் விர்ச்சுவல் சர்வர்கள் முக்கால்வாசி நேரம் சும்மாவே உட்கார்ந்திருக்கும். பிராசஸர் நேரத்தை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுவிடலாம். மெமரியை அப்படிப் போட முடியாது. ஓடுகிற ஒவ்வொரு சர்வரும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். திரை இல்லாத சின்ன லினக்ஸ் சர்வருக்கு 1 ஜி.பி. போதும். விண்டோஸ் சர்வருக்கு 4 ஜி.பி.யாவது கொடுத்தால்தான் முகம் கொடுத்துப் பேசும். அப்படியானால் 16 ஜி.பி. இருந்தால் ஒரு விண்டோஸ், ஆறேழு லினக்ஸ், ஹைப்பர்வைசருக்கும் மிச்சம். 8 ஜி.பி.யில் மூன்றாவது சர்வருக்கே மூச்சுத் திணறும்.

ஆகவே ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய டெஸ்க்டாப் ஒன்று போதும் என்பது என் அபிப்பிராயம். டெல் ஆப்டிபிளக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் மாதிரி பெட்டிகள். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ-5, நான்கு கோர், தாராளம். வாங்குமுன் மூன்று பாருங்க: பயாஸில் வி.டி-எக்ஸ் இருக்கிறதா, அதை ஆன் செய்ய முடிகிறதா. மெமரி போட எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்ட இடம் உண்டா. நாலைந்து சர்வர் ஒரே நேரத்தில் ஒரு சுழலும் டிஸ்க்கைக் கேட்டால் அது இசட்-1 மாதிரிதான் நிற்கும். கையடக்கமான மினி பெட்டி என்றால் லேப்டாப்பில் போடும் சின்ன மெமரிதான் பொருந்தும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் கம்பெனிகளில் கழித்த ராக் சர்வர்கள் ஆசை காட்டும். இரண்டு பிராசஸர், எக்கச்சக்க மெமரி. வாங்கும் விலையோடு கதை முடிந்தால் சரி. 100 வாட் இழுக்கும் பெட்டியை இரவு பகல் ஓட்டினால் இரண்டு மாசத்துக்கு 144 யூனிட். பழைய ராக் சர்வரில் சும்மா இருக்கும்போதே அதற்கு மேல் இழுப்பவை உண்டு. 15 வாட்டில் உட்கார்ந்திருக்கும் மினி பெட்டிக்கு அதே இரண்டு மாசத்துக்கு 22 யூனிட்கூட ஆகாது. கரண்ட் பில் கட்டுவது நாமா, அப்பாவா? அதோடு ராக் சர்வரின் ஃபேன் சத்தத்தில் பாட்டி தூங்கவும் முடியாது.

சரி, சூசேயிடம் திரும்புவோம். 1939-ல் போர் வெடித்தது, அவரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சில மாசத்தில் ஹென்ஷல் கம்பெனி வேலைக்காக விடுவித்தார்கள். 1940-ல் ஜெர்மன் விமான ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகளுக்கு இசட்-2-ஐக் காட்டினார். மற்ற நாட்களில் மக்கர் பண்ணிய மெஷின் அன்றைக்குச் சமர்த்தாக ஓடியது! வைவா அன்று மட்டும் சர்க்யூட் வேலை செய்கிற மாதிரி. நிறுவனம் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1941 மே 12-ல் இசட்-3 தயார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள், இப்போது மெமரியும் ரிலேயில். புரோகிராம் போட்டால் தானாக இயங்கும், ஒழுங்காக வேலை செய்த உலகின் முதல் கணிப்பொறி என்று இதைத்தான் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். பெருக்க மூன்று விநாடி.

ரிலேயில் ஒரு தொல்லை உண்டு, எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குத் தெரியும். கரண்ட் ஓடும்போது தொடர்பைத் துண்டித்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் முனை தேயும். அதற்கு சூசே ஒரு யுக்தி செய்தார். சுழலும் உருளை ஒன்று மொத்த மெஷினுக்கும் துடிப்புக் கொடுக்கும். ரிலேக்கள் முதலில் தத்தம் நிலைக்கு வந்து நிற்கும். அதன் பிறகே உருளை வழியாகக் கரண்ட் பாயும். பொறி பறந்தால் உருளையில்தான் பறக்கும், அதை மாற்றுவது சுலபம். ஆயிரக்கணக்கான ரிலேக்கள் பிழைத்துக்கொண்டன.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இசட்-1 தகடு, இசட்-3 ரிலே. ஆனால் உள்ளே தர்க்கம் கிட்டத்தட்ட ஒன்றேதான்! சூசே முதலில் காகிதத்தில் ஆம், இல்லை என்ற அளவில் மெஷினை வரைந்து முடிப்பார். அப்புறம் அதை எதில் செய்வது என்பது பர்ஸைப் பொறுத்தது. அவருடைய நண்பர் ஹெல்முட் ஷ்ரையர் அதையே வால்வுகளில் செய்யலாம் என்று யோசனை சொன்னார், சின்னதாகச் செய்தும் காட்டினார். கேட்ட வால்வுகளை ராணுவம் கொடுக்கவில்லை. நாம் விர்ச்சுவல் மெஷின் என்று சொல்வதும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். சர்வர் ஒரு வர்ணனையாக, ஒரு ஃபைலாக இருக்கிறது. அடியில் இருக்கும் பெட்டி நாளை மாறலாம். இன்று ஓட்டை டெஸ்க்டாப்பில் கட்டிய லேபை நாளை நல்ல மெஷின் கிடைத்தால் அப்படியே தூக்கி வைத்துவிடலாம். அதனால்தான் முதல் பெட்டிக்குக் கடன் வாங்காதீர்கள் என்கிறேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் நியாயமில்லை. ஹென்ஷல் கம்பெனி தயாரித்தது எச்.எஸ்.293 என்ற பறக்கும் குண்டு. அதன் இறக்கைகள் சரியாக அமையாததால் ஒவ்வொரு குண்டுக்கும் திருத்தக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கென்றே எஸ்-1, எஸ்-2 என்று இரண்டு தனி மெஷின்களை சூசே செய்து கொடுத்தார். அந்தக் குண்டுகள் கப்பல்களை மூழ்கடித்தன, மனிதர்களைக் கொன்றன. அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. எதிர்க்கவும் இல்லை. தகடு வெட்டிய நாட்களில் அப்பா அம்மாவின் பணத்தில் ஓடிய கனவு, இப்போது யுத்தத்தின் பணத்தில் ஓடியது. அவர் மேல் எனக்குள்ள மரியாதை இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி நிற்கிறது. பிழைக்க வேறு வழி இருந்திருக்காது என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இருக்கலாம். ஆனால் 1936-ல் வேலையை உதறிவிட்டு வந்த அதே ஆள்தானே இவர்?

1943 டிசம்பரில் நேச நாடுகளின் குண்டு இசட்-3 மேல் விழுந்தது. இசட்-1-ம் அதன் வரைபடங்களும் குண்டுவீச்சில் போயின. மிஞ்சியது கட்டிக்கொண்டிருந்த இசட்-4 மட்டும். 1945-ன் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, அந்த மெஷினை ரயிலிலும் லாரியிலுமாக பெர்லினிலிருந்து கோட்டிங்கனுக்கும், அங்கிருந்து தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரக் கிராமத்துக்கும் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். மெஷின் சும்மா கிடந்த அந்த நாட்களில் காகிதத்தில் பிளான்கால்கூல் என்ற புரோகிராமிங் மொழியை எழுதி முடித்தார். ஓட்டிப் பார்க்க ஹார்டுவேர் இல்லாமல் எழுதிய மொழி!

இசட்-4-ல் மெமரி மறுபடியும் தகடு. ஏன் தெரியுமா? அவர் திட்டம் 1024 எண்கள், எண்ணுக்கு 32 பிட். ரிலேயில் செய்தால் 32,768 ரிலே வேண்டும். கடைசியில் 64 எண்கள்தான் முடிந்தது, அது வேறு விஷயம். கணக்குக்கு ரிலே, மெமரிக்குத் தகடு என்று பழைய இசட்-2 முறையே நின்றது.

1949-ல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் எடுவார்ட் ஸ்டீஃபல் கிராமத்துக்கே வந்து ஒரு சமன்பாட்டைச் சொல்லி, போட்டுக் காட்டச் சொன்னார். சூசே உடனே புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டினார். வாடகை ஒப்பந்தம் ஆயிற்று. கல்லூரி கேட்டபடி நிபந்தனைக்கு ஏற்பத் தாவும் கட்டளையும் சேர்த்துக் கொடுத்தார்; இசட்-3-ல் அது கிடையாது. 1950-லிருந்து 1955 வரை இசட்-4 சூரிச்சில் உழைத்தது. ஐரோப்பாவில் வேலை செய்யும் கணிப்பொறிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. யுத்தத்தில் தப்பிய கிராமத்து மெஷின் ஒரு கல்லூரிக்கே கணக்குப் போட்டுக் கொடுத்தது என்றால் சும்மாவா?

அதன்பின் கம்பெனி, வளர்ச்சி, கடன். சூசே கே.ஜி. 251 கணிப்பொறிகள் செய்தது. வால்வு வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது, போட்டி வந்தது. 1960-களில் கம்பெனி கைமாறி சீமென்ஸிடம் போய்ச் சேர்ந்தது. 1941-ல் கேட்ட காப்புரிமையை, கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று 1967-ல் ஜெர்மன் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இருபத்தாறு வருஷக் காத்திருப்பு! அவர் ஓவியம் வரையப் போய்விட்டார். சின்ன வயசிலிருந்தே அதில் ஆசை.

இசட்-3-ன் மெமரி மொத்தம் 1408 பிட், அதாவது 176 பைட். நாம் போதாது என்று புலம்பும் 16 ஜி.பி.யை அதால் வகுத்தால் ஒன்பது கோடியே எழுபத்தாறு லட்சம் மடங்கு வருகிறது. கால்குலேட்டரில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

1986-ல், எழுபத்தாறு வயதில், இசட்-1-ஐ மறுபடி கட்ட ஆரம்பித்தார். பழைய வரைபடம் ஒன்றும் இல்லாததால் நினைவிலிருந்து முதலிலிருந்தே வரைய வேண்டியிருந்தது. இந்தத் தடவை நண்பர்களின் ரம்பம் இல்லை. நிறுவனங்கள் பணம் கொடுத்தன, உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள். 1989-ல் முடிந்து இப்போது பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995 டிசம்பர் 18-ல் ஹுன்ஃபெல்டில் சூசே இறந்தார். புதிதாகக் கட்டிய இசட்-1-ம் பழையதைப் போலவே அவ்வப்போது சிக்கிக்கொண்டு நின்றுவிடுமாம்.

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்